கதவுப் பொருத்தம்

எங்கள் சின்னம்மாவின் கலியாணம் ஒரு லொறிக் கதவால் குழம்பியது என்று குருக்கள்மடத்தில் இன்றும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் அந்தக் கதவைக் கண்ணால் கண்டவர்கள் அநேகமாக இல்லை. நான் கண்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். யுத்தம் இன்னும் தொடங்கவில்லை.

அந்த லொறியைக் கல்முனைப் பக்கத்து முதலாளி ஒருவரிடம் அப்பா வாங்கி, நல்ல மாடுகள் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சின் பிழையில்லை என்றார்கள். பிழை சாரதி இருக்கும் முன்கூட்டில்தான், ஏறி இருந்து ஓட்டமுடியாத நிலை. மரச்சட்டத்தின் மேல் தகரம் அறைந்து செய்த கூடு அது. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக்காற்று என்று வருடக்கணக்காக நின்றதில் கறள் அதன் கீழ்ப்பாதியைத் தின்று தீர்த்திருந்தது. தூண்களின் அடிக்கட்டை உளுத்திருந்தது. சாரதிப் பக்கத்துக் கதவு ஒரு பிணைச்சலில் தொங்கியது. வந்த கிழமையே எங்கள் கோழி ஒன்று அதற்குள் ஏறி முட்டையிட்டது. அம்மா அதை நல்ல சகுனம் என்றாள்.

லொறி சின்னம்மாவுக்குச் சீதனம். சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய தாய் தகப்பன் காலமாகியிருந்தார்கள். வீடும் வளவும் வட்டையில் இருந்த வயலும் மூத்தவளான அம்மாவுக்குச் சீதனமாக வந்துவிட்டன. மச்சாளான சின்னம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லையே என்ற குறை அப்பாவுக்கு இருந்தது. அதனால்தான் மண்டூரிலிருந்து அந்த மாப்பிள்ளையைப் பேசிக் கொண்டுவந்தார். அவர் வேறொருவரின் லொறியில் நெல் ஏற்றுகிற சாரதி. சொந்தமாக ஒன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா மானஸ்தர். "கதவு பூட்டாத லொறியக் குடுத்து ஊர் சிரிக்க ஏலா. கதவு பூட்டின அண்டைக்கே கலியாணத்துக்கு நாள் வெப்பம்," என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

திருத்தும் வேலை மாமாவின் தலையில் விழுந்தது. மாமா, அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் பிறந்தவர். வண்டிலும் தோணியும் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். லொறியை எங்கள் வளவுப் புளிய மரத்தடியில் நிறுத்தி, தென்னங் குற்றிகளை முட்டுக் கொடுத்து வேலையைத் தொடங்கினார். உளுத்த கட்டைகளை அறுத்துவிட்டு முதிரைக் கட்டை பொருத்தினார். றோட்டு வேலைக்காரர் விட்டுப்போன தார்ப் பீப்பாய்களை வெட்டி விரித்து, தட்டித் தட்டித் தகரமாக்கினார். ஆனால் அந்தத் தகரத்தை உடனே அறையவில்லை. முதலில் கதவுகளை அவற்றின் இடத்தில் தொங்கவிட்டார். கதவு எங்கே நிற்கிறதோ அதற்கேற்றபடிதான் மற்றத் தகரங்கள் வரவேண்டுமாம். தகரத்தை அறைந்துவிட்டுக் கதவைத் தேடினால் கதவு ஒருநாளும் வந்து சேராதாம். இது அவர் என்னிடம் சொன்னதல்ல. தகரத்திடம் சொல்வதுபோல முணுமுணுத்தது.

இடதுபக்கக் கதவு சீக்கிரம் சரிவந்தது. வலதுபக்கம், சாரதியின் பக்கம், வரவில்லை. கதவின் பின்விளிம்பு தாழ்ந்து கீழ்ச்சட்டத்தில் இடித்தது. மேலே என் சின்னவிரல் போகிற இடைவெளி. பூட்டின் நாக்கு துளைக்குக் கீழே போய் முட்டியது. பின்னேரங்களில் அப்பா வந்து இழுத்து அடித்துப் பார்ப்பார். கதவு மோதித் திரும்பி வரும்.

"என்ன மச்சான், இன்னும் சரிவரல்லயா?"

"முடக்கு ஒண்டு கிடக்கு. எடுத்துருவன்."

சின்னம்மா அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவியாகப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பட்டணத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். கலியாணம் முடித்துவிட்டு எதையும் யோசிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ ஒரு சொல் சொல்லவில்லை. பள்ளியால் வந்ததும் மாமாவுக்குத் தேநீர் கொண்டுபோவாள்.

"எப்பிடி அண்ணன்?"

"இன்னும் பூட்டுதில்ல."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்புவாள். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். வேறொன்றும் பேசியதை நான் கேட்டதில்லை.

ஒருநாள் பகலில் மாமா லொறிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். முன்கூடு அடிச்சட்டத்தின் மேல் உட்காருகிற மூலைகளில் பழைய டயரை வெட்டித் துண்டு துண்டாக வைத்திருந்தார். முன்மூலையில் ஒரு துண்டைச் செருகிவிட்டு எழுந்து வந்து கதவைத் தள்ளினார். அது 'க்ளக்' என்று மெல்லிய சத்தத்தோடு போய்ப் பூட்டிக்கொண்டது. கதவில் ஒரு வேலையும் செய்யவில்லை, அடியில் ஒரு துண்டு ரப்பர், அவ்வளவுதான்! மாமா திறந்து மறுபடி பூட்டினார். கதவைச் சுற்றி இடைவெளி கோடு கீறியதுபோல ஒரே அளவாக ஓடியது. அதை அவர் விரலால் தடவிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை.

அடுக்களை வாசலில் சின்னம்மா வந்து நின்றாள். அன்று பள்ளி இல்லை. கை முழுக்க அரிசிமா. லொறியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன சின்னம்மா?"

"புகை புள்ள."

அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அது எனக்கு ஒரு விசயமாகவே படவில்லை. திரும்பி ஓடிவந்து பார்த்தால், மாமா மறுபடியும் லொறிக்கு அடியில். முன்மூலையில் வைத்த துண்டை உருவிப் பின்மூலையில் செருகிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கதவைத் தள்ளினார். அது பழையபடி இடித்தது. மாமா தலையை ஆட்டிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். வேலை தெரியாத மனிசன் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை தானே வந்தார். மண்டூரிலிருந்து வாவித்துறை கடந்து, சைக்கிளில் ஒரு முட்டி எருமைத் தயிரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உயரமான, கறுத்த மனிதர். அப்பா வயலுக்குப் போயிருந்தார், மாமாவும் இல்லை. அம்மா அவரை மாமரத்து நிழலில் இருத்திவிட்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். சும்மா இருக்கமுடியாத ஆள்போலும், எழுந்து லொறியைச் சுற்றி வந்தார். நானும் கூடப் போனேன். கதவை இரண்டுமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, சால்வையைக் கழற்றி என்னிடம் தந்தார். பிறகு மண்ணில் படுத்து அடியில் தலையை விட்டார்.

"இந்த ரப்பர் துண்ட இதுக்குள்ள வெச்ச ஆர் புள்ள?"

"மாமா."

"முன்னுக்கெல்லுவா வரணும் இது?"

"முன்னுக்குத்தான் இருந்த. கதவும் நல்லாப் பூட்டின. பிறகு மாமா எடுத்துப் பின்னுக்கு வெச்ச."

அவர் வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டியபடி, "கதவு பூட்டினது சின்னம்மாக்குச் சந்தோசமா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

"இல்ல. அண்டைக்கு அடுக்களைக்குள்ள இருந்து அழுதவ. புகையாம்."

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் வீட்டுப்பக்கம் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. கதவின் கீழ்விளிம்பில் முழங்காலைக் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கித் தள்ளினார். தாழ்ந்து கிடந்த கதவு ஏறிப்போய், சத்தமே இல்லாமல் பூட்டிக்கொண்டது. பூட்டிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். திரும்பத் திறந்து, இருந்தபடியே விட்டார்.

அப்பா அவசரமாக வந்து சேர்ந்தார். மாமாவும் பின்னால் வந்தார்.

"அண்ணன், குறை நினைக்கக்கூடாது," என்றார் மாப்பிள்ளை. "நான் கதவப் பாத்த. இது ஒருநாளும் சரிவராது. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

"கதவுக்காகவா தம்பி?"

"ஓம், கதவுக்காகத்தான்."

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. தகரத்துக்குப் பெண்ணை நிறுத்துப் பார்க்கிறவன் மனிசனா என்று கத்தினார். தயிர் முட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மாமா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். முட்டி மாமரத்தடியிலேயே கிடந்தது.

கதை றோட்டு வழியே அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. சாதகப் பொருத்தம் பார்க்காமல் கதவுப் பொருத்தம் பார்த்த மாப்பிள்ளை என்று வாவியின் இரண்டு கரையிலும் சிரித்தார்கள். அவருக்குக் கொஞ்சக் காலம் ஒரு இடத்திலும் பெண் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். மாமா மறுநாளே கதவைச் சரியாக்கிவிட்டார். அப்பா அந்த லொறியைத் தேங்காய் ஏற்ற வைத்துக்கொண்டார். ஒருதரம் குழம்பிய பெண் என்று வேறு சம்பந்தம் வராமல் போகவே, சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அவரே சின்னம்மாவைப் பயிற்சிக்கு அனுப்பினார். அவள் வாத்தியார் அம்மாவாகி, பல வருசம் கழித்துத் தனக்குப் பிடித்த ஒருவரைக் கலியாணம் செய்தாள். ஒருமுறை அமிர்தகழித் தீர்த்தத் திருவிழாவில் அந்த மண்டூர் மனிதரைப் பெண்சாதி பிள்ளைகளோடு கண்டோம். அவர் எங்களைக் காணவில்லை. சனத்துக்குள் அவர்கள் கடந்து போகும்வரை சின்னம்மா ஒதுங்கி நின்றாள்.

ஆனால் என் நினைவில் நிற்பது அவர் சைக்கிளில் போன அன்று பின்னேரம்தான். அப்பா இன்னும் முற்றத்தில் ஏசிக்கொண்டிருந்தார். நான் சின்னம்மாவிடம் ஓடிப்போய், "அவர் பொய்காரன், கதவு பூட்டின! நான் கண்ட," என்றேன். அவள் என் வாயைப் பொத்தி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கையை எடுத்தபின், "எப்பிடிப் பூட்டினவர்?" என்று மெல்லக் கேட்டாள். நான் முழங்காலைத் தூக்கி, கையை உயர்த்தி, மெதுவாகத் தள்ளிக் காட்டினேன்.

"பிறகு?"

"கதவில கைய வெச்சுக்கு நிண்டவர். பிறகு திறந்து விட்டுட்டார்."

"திருப்பிச் சொல்லு புள்ள. முதல்ல இருந்து சொல்லு."

கதவு பூட்டுகிற வித்தையைத்தான் கேட்கிறாள், முதல்தரம் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இரண்டாம் தரம் முழங்காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.