சுந்தரபாண்டியின் முப்பத்தேழு எச்சரிக்கைகள்

ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர் இருந்துவிட்டால், ஊர்க்காரன் எப்போதும் வென்றுகொண்டே இருக்க முடியுமா என்ன? சுந்தரபாண்டி அந்த ஊர். ஆடு மேய்த்த குடும்பத்தில் முதல் இன்ஜினியர். கல்யாணமாகி இரண்டு வருஷம், பெங்களூரில் அவனும், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் பிரிவு பார்க்கும் மனைவி சுதாராணியுமாகக் கழிந்தது. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்தான். அதற்குள் ஒரு வேலையைக் குறையில்லாமல் முடித்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான்.

திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைத் திருத்துவதுதான் அந்த வேலை. அது தன் நிலவரத்தை எண்களாக எழுதிவைக்கும். சின்ன எண் வரும் என்று நிரலில் சொல்லிவிட்டுப் பெரிய எண்ணைக் கொடுத்தால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எச்சரிக்கை போடும். அப்படி வந்த முப்பத்தேழு எச்சரிக்கைகளை அவன் தீர்க்க வேண்டும். நம்ம ஆள் பெரிய எண்களையெல்லாம் சின்னதாக நறுக்கி, ஒரே நாளில் முப்பத்தேழின் வாயையும் அடைத்தான். மார்தட்டிக்கொண்டு அனுப்பியும் வைத்தான்.

மறுநாளே திரும்பி வந்தது. பெங்களூர் ஆபீஸில் அவன் வேலையைச் சரிபார்க்கும் உமாதேவி மேடம் சாத்தூர்க்காரர், தமிழில்தான் எழுதுவார். “எச்சரிக்கை போய்விட்டது, ஆனால் எண்கள் தப்பாக வருகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யுங்கள். இதுதான் கடைசி வாய்ப்பு.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சுதாராணி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். வேண்டாவெறுப்பாகச் சொன்னான்.

“இதுல என்னங்க இருக்கு? பெட்டிக்குள்ள அம்பது குச்சி இருக்கு. மேல முப்பதுன்னு லேபிள் ஒட்டிட்டோம். சூப்பர்வைசர் சத்தம் போடுதாரு. என்ன செய்வீங்க?”

“லேபிளை மாத்துவேன்.”

“நீங்க இருபது குச்சியைக் கீழ கொட்டிட்டுல்லா வந்து நிக்கிதீங்க!”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நறுக்கிய எண்களைப் பழையபடி முழுசாக வைத்தான். எவ்வளவு பெரிய எண் வரும் என்று சொல்லும் குறியை மட்டும் வரிவரியாக மாற்றினான். வியாழக்கிழமை கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை.

திருத்தத்தை அனுப்பும்போது, யோசனை சொன்னவர் பெயரைப் போட ஓர் இடம் உண்டு. இத்தனை வருஷத்தில் அவன் அங்கே யார் பெயரையும் போட்டதில்லை. அன்று சுதாராணி என்று போட்டான்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. “எல்லாம் சரி. இனி நீங்கள் அங்கிருந்தே வேலை பார்க்கலாம். சுதாராணி எந்த டீம்?”

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. உடனே எழுதினான்: “என் மனைவி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.”

பின்னால் நின்று படித்த சுதாராணி, “பார்க்கிறாளா? மேடம் படிப்பாங்கல்லா, பார்க்கிறார்னு போடுங்க” என்றாள்.

இரண்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு ‘ர்’ போட்டான். இதை முன்னாலேயே போட்டிருக்கலாம் என்று தோன்றியது.