நுனி சுருண்டிருக்கா?

பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள் நான். இலை வடிவங்கள் பாடம் வந்தாலே பிள்ளைகள் முகம் சுண்டிப்போகும். "மனப்பாடம் பண்ணாதீங்கடி, பேருக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்று கத்துவேன். எல்லாம் லத்தீன்காரன் கண்ணில் பட்ட சாமான்கள்தான். சிறு ஈட்டியை அவன் லான்சியோலா என்றான்; அதிலிருந்து லான்சியோலேட், நம் அரளி இலை. பெல்டா என்றால் சிறு கேடயம். கேடயத்தின் பின்பக்கம் கைப்பிடி இருக்கிறாற்போல இலையின் நடு அடியில் காம்பு ஒட்டியிருந்தால் பெல்டேட். குளத்துத் தாமரையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வாய்க்காலில் மண்டும் வள்ளைக்கீரை அம்பு வடிவம், சாஜிட்டேட். வல்லாரை சிறுநீரகம், ரெனிஃபார்ம். வெற்றிலை கார்டேட், இதயத்துக்கு லத்தீனில் கோர்.

வீட்டில் இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் விவசாயம் பார்க்கிறவர். "ஒரு இலைக்கு இத்தனை பேரா? ஆடு பேர் கேட்டுட்டா திங்குது?" என்பார். எனக்குச் சுருக்கென்று வரும். "நீங்களும் ஆடும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுவேன்.

இலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது செங்காந்தள் என்கிற கண்வலிக்கிழங்குக் கொடியின் இலை. ஈட்டி போல நீண்டு, நுனி மட்டும் கம்பிபோலச் சுருண்டு, வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். அந்த நுனிக்கு சிர்ரோஸ் என்று பெயர். சிர்ரஸ் என்றால் சுருள்முடி. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு கிழங்கு வாங்கிவந்து கொல்லை வேலியோரம் நட்டேன். அந்தக் கிழங்கு கொடிய விஷம். வீட்டில் சொல்லிவைத்தேன், சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அதே வேலியில் அவர் ஏற்கெனவே வள்ளிக்கிழங்கு போட்டிருந்தார்; சர்க்கரைவள்ளி இல்லை, வேலியேறும் வள்ளி. தை பிறக்கும்போது இரண்டு கொடியும் காய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

பொங்கலன்று எங்கள் பக்கம் காய்களையும் கிழங்குகளையும் போட்டு ஒரு குழம்பு வைப்போம். எத்தனை வகை போட்டாலும் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அன்று பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை என்று ஆறுதான் இருந்தது. வாங்கிவைத்த கத்தரிக்காய் முழுக்கப் புழு.

"ரெட்டைப்படையில வைக்கக்கூடாதும்மா. இரு, வர்றேன்" என்று அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை வைக்கக்கூடாதென்று வாய்க்காலிலேயே கழுவி, தோல் சீவி, துண்டு போட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார். இருபது வருஷத்தில் அவர் காய் நறுக்கியது அன்றுதான். கொதிக்கிற குழம்பில் கொட்டிக் கிளறினேன். என்ன கிழங்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் அவர்தான் சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். காமர்ஸ் படிக்கும் எங்கள் மகள் கிழங்கென்றாலே காத தூரம் ஓடுவாள். சர்க்கரைப் பொங்கலோடு எழுந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் தொண்டையைத் தடவ ஆரம்பித்தார். "என்னமோ அரிக்குது" என்றார். அப்புறம் வாந்தி. மறுபடி வாந்தி.

"என்னங்க, எந்தக் கிழங்கைத் தோண்டுனீங்க?"

"வேலியில இருந்ததுதான். கிழங்குன்னா கிழங்குதானே."

எந்தக் கிழங்கென்று தோலைப் பார்த்தால் தெரியும். தோலைக் கேட்டேன். வாய்க்காலோடு போய்விட்டது என்றார். குழம்பைத் தொடாதே என்று மகளிடம் கத்திவிட்டு, ஆட்டோ பிடித்து அவரைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். அறுப்பு மிஷின் நாளைக்கு வருகிறது என்று முனகினார். விஷத்தை நட்டவள் நான், அதை அடுப்பில் ஏற்றியவளும் நான். பாட்டனி டீச்சராம், பாட்டனி டீச்சர்! தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்வலிக்கிழங்கை வீட்டுல ஏம்மா வச்சிருந்தீங்க?"

"பிள்ளைங்களுக்கு இலையைக் காட்ட, சார்."

வேகாத வள்ளிக்கிழங்குக்கும் தொண்டை அரிக்கும், வாந்தி வரும். கண்வலியாக இருந்தால் நேரம் கடத்தக்கூடாது, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார்.

நான் வராந்தாவுக்கு ஓடி மகளைக் கூப்பிட்டேன். "கொல்லைக்குப் போ. அப்பா தோண்டின குழி இருக்கும். அதுல அறுந்து நிக்கிற தண்டைப் பிடிச்சுக்கிட்டே மேல போ. விட்டுடாதே. அதுல இருக்கிற இலையை போட்டோ எடுத்து அனுப்பு."

போட்டோ வந்தது. பழுப்பாக ஒரு கசங்கல், அவ்வளவுதான். காய்ந்த இலையைப் பிரித்தால் பொடிந்துவிடும். உலர்ந்த செடிகளைப் பரிசோதிக்க நாங்கள் செய்கிற வேலை நினைவுக்கு வந்தது. "வெந்நீர்ல போடுடி. ஊறட்டும். தட்டுல வச்சு மெதுவா விரல்ல நீவு" என்றேன். அவள் அழுதுகொண்டே செய்தாள். போனில் தட்டு ஓசை கேட்டது. உள்ளே அவர் மறுபடி வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டது.

"விரிஞ்சிருச்சும்மா."

"நுனி எப்படி இருக்கு? சுருண்டிருக்கா?"

"கூரா இருக்கு."

"கூரா இருந்து சுருண்டிருக்கான்னு கேக்கறேன்! கம்பி மாதிரி?"

"இல்லம்மா. சும்மா கூர்தான்."

நுனி ஒடிந்திருக்கலாமே. நம்ப பயமாக இருந்தது. "காம்பு பக்கம் பாரு."

"ரெண்டு பக்கமும் உருண்டு உள்ள வாங்கியிருக்கு. காம்பு நடுவுல இருக்கு. அம்மா, வெத்தலை மாதிரி இருக்கும்மா. நரம்பெல்லாம் காம்புலேருந்து விரிஞ்சு போகுது."

"இன்னொரு இலை எடுத்துப் பாரு."

அதுவும் அப்படியே என்றாள். கார்டேட். வள்ளி. உயிர் திரும்பி வந்தது எனக்கு. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதேன். அதே அழுகையோடு உள்ளே போய் டாக்டரிடம் "இதய வடிவம் சார், இதய வடிவம்" என்றேன். அவர் பதறி, "இதயத்துக்கு என்னம்மா?" என்றார். பிறகுதான் ஒழுங்காகச் சொன்னேன். மகள் புதிதாக அனுப்பிய போட்டோவையும் பார்த்தார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கண்வலியைத் தோண்டி எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்றார். அவர் தோண்டிய குழிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது இருந்தது. மண்ணை உதறினேன். கிழங்கின் ஒரு கிளை சிதைந்திருந்தது. நேற்றைய கடப்பாரைதான், முதல் குத்து அதில் விழுந்திருக்கிறது. ஏன் விட்டுவிட்டுத் தள்ளிக் குத்தினீர்கள் என்று கேட்டேன்.

"இது சின்னதா இருந்துச்சு" என்றார்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கையில் மாட்டியிருந்த பையை அப்படியே திருப்பி, கிழங்கை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் அஞ்சு காய் போதும்மா."