தையல்காரர் இல்லாத பக்கம்

நோயாளிகள் எல்லோரும் அவளை ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். பதினோரு வருடங்களாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, மறுநாள் வேன் எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்று சொல்வது அவள் வேலை. ‘ஹலோ’ என்று அவள் இழுக்கும் இழுப்பிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சிறுநீரகம் பழுதானவர்களை இலவசமாக டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் சின்ன அமைப்பு அது. ஒரு வேன், ஒரு டிரைவர், இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு செயலாளர், அப்புறம் இவள். கீழே கம்பி அறுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நாற்பத்தொரு நோயாளிகள். செவ்வாய், வியாழன், சனி பதினோரு மணி வேனில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர் தையல்காரர்.

தையல்காரருக்கு அறுபத்திரண்டு வயது. மகன் கிடையாது, மகள் கிடையாது. அவரும் மனைவியும் மட்டும். கையில் பொத்தான் போன். இவள் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார்.

“ஹலோ அக்காவா? என்ன, நாளைக்கும் என்னைத் துவைச்சுக் காயப்போடணுமா?”

“ஆமாங்க. பதினோரு மணி. பஸ் ஸ்டாப்ல நில்லுங்க. தண்ணி அதிகம் குடிக்காதீங்க.”

“நான் எங்க குடிக்கிறேன், நீங்க சொல்றப்பதான் தாகமே எடுக்குது.”

ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நன்கொடை குறைய ஆரம்பித்தது. வழக்கமாகக் கொடுத்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு இருப்பதே தெரியாது. செயலாளர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் சிவந்து வந்தார்.

“நாய்க்குட்டிங்களுக்கு ஒரு காப்பகம் வச்சிருக்காங்க. அவங்க பேஸ்புக் பக்கத்தை முப்பதாயிரம் பேர் பாக்கறாங்க. நமக்கு என்ன இருக்கு? ஒரு போர்டு. அதுவும் லாரி இடிச்சு வளைஞ்சு கிடக்கு. நீங்க போய்க் கத்துக்கிட்டு வாங்கம்மா.”

சிறு தொழில் செய்பவர்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் சமூக வலைத்தளம் பற்றி ஒரு நாள் பயிற்சி. பேக்கரிக்காரர் ஒருவர், அழகு நிலையம் வைத்திருக்கும் அம்மா, பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர் என்று இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்திய பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் சொன்னது பளிச்சென்று மனதில் பதிந்தது.

“எல்லா இடத்துலயும் கடை விரிக்காதீங்க. ஒண்ணு ரெண்டு போதும். முதல்ல உங்க ஆளுங்க யாருன்னு எழுதுங்க. அவங்க எங்க இருக்காங்களோ அங்க போங்க.”

கொடுத்த படிவத்தில் ‘உங்கள் ஆட்கள் யார்?’ என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: வேலைக்குப் போகிறவர்கள், இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து வயது வரை, உதவும் மனம் உள்ளவர்கள். எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அந்தக் கணக்குப்படி பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் என்று முடிவாயிற்று. வாட்ஸ்அப் குழு வைக்கலாமே என்று அந்தப் பெண் கேட்டபோது, “வேண்டாம்மா, காலை வணக்கம் படம் போட்டே கொன்னுடுவாங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு அது கைவந்தது. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. முதல் பதிவைப் பார்த்து மகள், “அம்மா, இது கரண்ட் கட் அறிவிப்பு மாதிரி இருக்கு” என்று கிண்டல் செய்தாள். பத்தாவது பதிவுக்கு மகளே வாயடைத்துப் போனாள். ‘நம் குடும்பம்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்து வாரம் ஒரு நோயாளியைப் படம் எடுத்துப் போட்டாள். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்புடன் சிரிக்கும் படத்துக்கு ஆயிரம் இதயம் விழுந்தது. வாழ்நாள் முழுக்க யார் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, முகம் தெரியாதவர்கள் ‘அருமையாக எழுதுகிறீர்கள்’ என்று சொன்னதும் தலை கால் புரியவில்லை. நன்கொடையும் வரத் தொடங்கியது. வேனுக்கு நாலு புது டயர் போட்டார்கள்.

ஆனால் பதிவு எழுத, படம் எடுக்க, கேட்பவர்களுக்குப் பதில் போட என்று சாயங்காலம் முழுவதும் போய்விடும். ஒவ்வொருவருக்கும் போன் போட நேரம் ஏது?

“வேன் நேரத்தையும் பேஸ்புக்லயே போட்டுடுங்க” என்றார் செயலாளர். “ஒரே வேலையா முடிஞ்சிடும்.”

“சார், எல்லார்கிட்டயும் அந்த மாதிரி போன் இருக்காது...”

“வீட்ல ஒருத்தர்கிட்டயாவது இருக்கும்மா. இந்தக் காலத்துல இல்லாம இருக்குமா?”

அவள் மறுநாளிலிருந்து நேரத்தைப் பக்கத்தில் போட ஆரம்பித்தாள். போன் போடும் சுமை இறங்கியதில் அவளுக்கும் உள்ளூர ஒரு நிம்மதிதான். நேரம் வழக்கம்போல இருக்கும்வரை சிக்கல் எதுவும் வரவில்லை. பழகிய நேரத்துக்குப் பழகிய முனையில் எல்லோரும் நின்றார்கள். அலுவலக லேண்ட்லைனையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுது. சனிக்கிழமை ஆட்களை மட்டும் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும். நாலே காலுக்கு அவள் பதிவு போட்டாள். ‘முக்கிய அறிவிப்பு’ என்று சிவப்பில். அரை மணிக்குள் நூற்றுக்கும் மேலானவர்கள் பார்த்துவிட்டார்கள். ‘உங்கள் சேவை தொடரட்டும்’ என்று நாலைந்து பேர் எழுதினார்கள்.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு டிரைவர் அண்ணன் கூப்பிட்டார்.

“வீட்ல பசங்க பாத்துச் சொல்லி எட்டு பேர் ஏறிட்டாங்கம்மா. தையல்காரரைக் காணோம். அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டேன். அவர் நம்பர் என்கிட்ட இல்ல.”

நம்பர் பழைய நோட்டில் இருந்தது. நோட்டு அலுவலக மேசைக்குள் இருந்தது.

“நீங்க கிளம்புங்கண்ணே. மத்தவங்களுக்கு நேரமாயிடும். அவர் ஆட்டோ பிடிச்சுப் போயிருப்பார். நான் போய்க் கூப்பிட்டுப் பாக்கறேன்.”

சொன்னாள். போகவும் செய்தாள். ஆனால் அன்று ஒன்பது மணிக்கு ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் நன்கொடை கொடுக்க வருவதாக இருந்தது. அதை நேரலையில் காட்ட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். பூச்செண்டு, மேசை விரிப்பு, வெளிச்சம் விழும் பக்கம் என்று ஓடியதில் மேசையைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

தையல்காரர் பத்தே முக்காலுக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கிறார். ஒரு மணி வரை வெயிலில் நின்றிருக்கிறார். அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்திருக்கிறது. பஸ் ஏறி வழக்கமான ஆஸ்பத்திரிக்குப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை வாங்க என்று காவலாளி சொன்னதை நம்பித் திரும்பிவிட்டார். வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஐந்து நாள். அவர் உடம்பு அவ்வளவு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கியது. திங்கள் காலை மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோவில் ஏற்றிப் போன மனைவி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தனியாள்.

செய்தி கேட்டதும் அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். அப்போதுதான் மேசையைத் திறந்து நோட்டை எடுத்தாள். எண் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

செயலாளர் நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஒரு இரங்கல் போட்டுடுங்கம்மா. அந்த டேப் போட்ட படம் நல்லாயிருக்கும்” என்றார்.

அவள் போட்டாள். ‘உடல்நலக் குறைவால் நம்மைவிட்டுப் பிரிந்தார்’ என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் அதுவரை எந்தப் பதிவுக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. நாலாயிரம் பேர் கண்ணீர் விட்டார்கள். அவர் நினைவாக ஒரு படுக்கை வாங்கித் தருவதாக ஒருவர் எழுதியிருந்தார். எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நாலாம் நாள் அந்த வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. தையல் மெஷின் மேல் யாருடையதோ ஒரு கால்சட்டை, ஒரு கால் மடித்துத் தைத்து, இன்னொன்று தைக்காமல் கிடந்தது. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று கூப்பிட்ட குரலை வைத்துத்தான் இவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஹலோ அக்காவா? இவ்வளவு சின்னவங்களா நீங்க?”

இவள் தலையாட்டியபடி கிட்டே போனாள்.

“நாலஞ்சு மாசமாவே போன் வரல. ஹலோ அக்காவுக்கு உடம்பு சரியில்ல போலன்னு சொல்லிட்டிருந்தார். அன்னைக்கு மறந்துட்டீங்களாம்மா?”

“மறக்கலம்மா. வேற இடத்துல சொல்லிட்டேன்.”

“எந்த இடத்துல?”

போனைத் திறந்து காட்டினாள். அந்த அம்மாள் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். சிவப்பு எழுத்தை விரலால் தொட்டதில் திரை நகர்ந்து அவர் கணவரின் படம் வந்தது. கீழே நாலாயிரம் கண்ணீர் முகம்.

“இவங்கல்லாம் யாரு?”

“தெரியாதும்மா.”

“இவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க” என்றார் அந்த அம்மாள். கத்தவில்லை, திட்டவில்லை. “அவருக்குத்தான் சொல்லல.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இவள் வெளியே வந்தாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற அந்தப் பயிற்சிக் கேள்வியைத்தான் கேட்டாள், இந்த முறை கேட்க வேண்டியவர்களிடம். நாற்பது பேரில் இருபத்திரண்டு பேரிடம் பொத்தான் போன். ஒன்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் கேட்கத் தெரியும், படிக்கத் தெரியாது. இரண்டு பேருக்குக் காது கேட்காது, பக்கத்து வீட்டில்தான் சொல்ல வேண்டும். அமைப்பின் பேஸ்புக் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், இதயம் போட்டால் அக்கா சந்தோஷப்படுவாளே என்று பார்த்தவர்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து ஒரு பதிவு எழுதினாள். ‘தையல்காரர் உடல்நலக் குறைவால் மட்டும் இறக்கவில்லை. நேரம் மாறியதை அவர் பார்க்க முடியாத இடத்தில் சொன்னோம். சொன்னது நான்’ என்று ஆரம்பித்து நடந்ததை அப்படியே எழுதிப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் செயலாளர் அதை எடுத்துவிட்டார். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

“உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இதைப் பாத்து நாலு பேர் கொடுக்கறதை நிறுத்தினா, மீதி நாற்பது பேரை எதுல கூட்டிட்டுப் போறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

பக்கத்தை இப்போது செயலாளரின் அண்ணன் மகள் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகவே செய்கிறாள் என்று கேள்வி. ஹலோ அக்காவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி ஆரம்பித்த போன் போடும் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது. அவளும் விடவில்லை. விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொன்ன கணவரிடம், “உக்காந்து என்ன பண்றது, அதையேதான் நினைச்சிட்டிருப்பேன்” என்றாள். ராத்திரித் தூக்கம் முன்போல் இல்லை. தையல்காரர் மனைவியைப் பார்க்க இன்னும் இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை கதவு பூட்டியிருந்தது. தங்கை வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணி வேனில் காலியான இடம் இரண்டு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த ஒரு சலவைக்காரப் பெண்ணுக்குப் போயிற்று. முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். அவள் தொட்டுத் தேய்க்கும் போன்தான் வைத்திருந்தாள்.

“எனக்கு மெசேஜ் போட்டா போதும்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“மெசேஜும் போடறேன்” என்றாள் அவள். “போனும் பண்ணுவேன். நீ எடுத்து, கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லலைன்னா நான் வீட்டுக்கே வந்துடுவேன்.”

அந்தப் பெண் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.