சொந்தக்காரர் சாமான் ஒரு படி கீழே

நக்கானோ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய கேமராக் கடைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. ஹஸாமா கியோமி தான் பெற்ற பிள்ளையின் சாமானுக்கே கடைசித் தரம் போட்டவள் என்று. சொல்பவர் யாரும் நேரில் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்காரன் சொன்னான் என்பார் ஒருவர், சோபா நூடுல்ஸ் சாப்பிடும்போது காதில் விழுந்தது என்பார் இன்னொருவர். பேச்சு உண்மைதான். நடந்தது அதைவிட மோசம்.

கியோமிக்கு ஐம்பத்தெட்டு வயது. கடையின் மூன்றாம் மாடியில் கறுப்புத் துணி விரித்த மேஜை அவளுடையது. கேமராவையும் லென்ஸையும் இரண்டாம் மாடியில் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளிடம் வருவதெல்லாம் உதிரிகள்: லென்ஸின் வாயில் மாட்டும் ஹூட், மூடி, ஃபில்டர், கழுத்தில் மாட்டும் பட்டை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடிப்பாள். நேர் வெளிச்சத்தில் பதுங்கியிருந்த கீறல்கள் எழுந்து நிற்கும். ஏ, ஏபி, பி, சி என நான்கு தரம். சீட்டில் தரத்தையும் குறையையும் எழுதி, முத்திரை வைத்து, சாமான் வந்த தட்டைச் சரக்கு லிஃப்டில் கீழே அனுப்பிவிடுவாள். ஹஸாமா-சான் பார்த்தால் புதுசுக்கும் நரை விழுந்துவிடும் என்று கவுண்டரில் இருக்கும் நுகாகா கேலி பண்ணுவான். பண்ணட்டும். அவள் முத்திரை வைத்த ஒரு சாமான்கூட, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று திரும்பி வந்ததில்லை.

தட்டில், கடைக்குச் சாமானை விற்க வந்தவர் பெயர் இருக்காது, எண் மட்டும். தரம் போடுபவர் கீழே இறங்கி விற்பவர் முகத்தைப் பார்க்கவும் கூடாது. ஊழியரின் சொந்தக்காரர் சாமான் என்று தெரிந்துவிட்டால் ஒரு படி குறைத்துப் போடுவது கடை வழக்கம். நாளைக்கு எவரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, இல்லையா. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே கியோமிதான். வீட்டில் மகன் ரியோஜியிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

அதே கண்தான் வீட்டுக்கும் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன், தன் முதல் புகைப்படக் கண்காட்சிக்கான முப்பது படங்களை ரியோஜி சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் ஒரு படத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு தூசி விழுந்திருக்கு."

மற்ற இருபத்தொன்பதும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தன. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவன் படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். கண்காட்சிக்கு அழைப்பு வரவில்லை. ஒரு புத்தாண்டு அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது.

இந்த ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பதினேழாம் எண் தட்டு வந்தது. ஹூட்டின் விளிம்பில் கறுப்புப் பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது: பி. ஃபில்டர்கள் ஏபி. அடியில் பட்டை சுருண்டு கிடந்தது. அதன் நுனியில் கருநீல நூலில் கோணலாக ஏழு தையல்.

அவள் போட்டது. ரியோஜி முதல் வேலைக்குக் கிளம்பிய காலையில், அவனுடைய பள்ளிச் சீருடைக்கு வாங்கி மிஞ்சிய நூலில், அவசர அவசரமாகப் போட்டது.

கேமராவை மாற்றுகிறவர்கள் பட்டையைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். பட்டையையும் சேர்த்துக் கொடுப்பவர் தொழிலையே விடுகிறார். இது அவளுக்குத் தெரியாததில்லை. பக்கத்து ஷின்ஜுகு வரை எத்தனையோ கடைகள் இருக்க, அம்மாவின் மேஜைக்கு வந்து சேரும் என்று தெரிந்தேதான் இங்கே கொண்டுவந்திருக்கிறான். இப்போது கீழே கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். இருபது வருஷமாக அவள் வேலை நேரத்தில் கீழே இறங்கியதில்லை. இறங்கினாலும் என்ன பேசுவது? சீட்டு கையில் இருந்தது. தேய்மானத்துக்கு நியாயமாகப் பார்த்தால் பட்டை பி. அவள் சி என்று எழுதினாள். ஒரு படி குறைத்தால் அவனுக்குப் புரிந்துவிடும்: அம்மா கண்டுகொண்டாள், என்னைத் தன் ஆள் என்று ஒப்புக்கொண்டாள். அவள் கணக்கு அப்படி. கடிதம் எழுதுவது போலவே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "தோலில் வெடிப்பு. நுனியில் கத்துக்குட்டிக் கையின் தையல். பயன்பாட்டுக்குக் குறை இல்லை." முத்திரையை அழுத்தி வைத்து அனுப்பினாள். இப்போது அவன் மேலே ஆள் அனுப்புவான் என்று நாற்காலியைச் சரிசெய்துகூட வைத்தாள்.

அரை மணி கழித்து நுகாகா வந்தான், கையில் பட்டை. சி தரம் விழுந்தால் திருப்பித் தரவா, குப்பையில் கழித்துவிடவா என்று விற்பவரிடம் கேட்பது முறை. கழிப்பதென்றால் தரம் போட்டவரின் முத்திரை வேண்டும்.

"கழிச்சிடுங்கன்னுட்டார்," என்றான் நுகாகா. வழக்கமான கேலி அவன் குரலில் இல்லை. "அவர் அடையாள அட்டையில குடும்பப் பேரும் ஹஸாமாதான். ஊர்ல எத்தனையோ ஹஸாமான்னு விட்டுட்டேன்."

"வேற என்ன சொன்னான்?"

"சீட்ட ரெண்டு தடவ படிச்சார். இத எழுதினவங்க கீழ வருவாங்களான்னு கேட்டார். வர மாட்டாங்க, கடை முறை அப்படின்னு சொன்னேன்." தயங்கினான். "தெரியும், வீட்டுலயும் அப்படித்தான்னு சொல்லிட்டுச் சிரிச்சார். நல்ல சிரிப்பு இல்ல, ஹஸாமா-சான்."

அவள் முத்திரையை எடுக்கவில்லை. பட்டையை வாங்கிக்கொண்டு படிகளில் ஓடினாள், வேலைக்குப் போட்ட கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கவுண்டரைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது மழையில் எல்லாம் ஒரே மாதிரிக் குடைகள். நிறமில்லாத பிளாஸ்டிக் குடைகளுக்குள் யார் முகமும் தெரியவில்லை. நிலையம் வரை போய்ப் பார்த்தாள். அங்கும் குடைகள்தான்.

கைபேசியில் அவன் எண்ணை அவள் அழிக்கவில்லை. கையுறை விரலுக்குத் திரை அசையாததால், கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. அந்த முத்திரையை எதற்காக வைத்தேன் என்று தொடங்குவதா, இருபத்தொன்பது படங்களில் இருந்து தொடங்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டை மழையில் நனைந்து, கருநீல நூல் இன்னும் கறுத்தது. ரயில் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது. காதருகே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.