ஹோய்சிங் அளந்த வீடு

க்வான் யூக்லின் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். அடுக்குமாடிகளாக எத்தனையோ போட்டிருக்கிறாள். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சாம் சுய் போ பகுதியின் சமூகக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பெடுக்க ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். கட்டடம் எப்படி எழும்புகிறது, தெரு எங்கே ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், இதுதான் பாடம்.

கனவு வீடு வரையச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது.

"கனவெல்லாம் அப்புறம். இருக்கிற வீட்டை அளந்துட்டு வாங்க. உள்ளது உள்ளபடி" என்று ஆளுக்கொரு அளவுநாடா கொடுத்தாள்.

"மிஸ், எங்க வீட்டுக்கு இவ்ளோ நீளம் எதுக்கு?" என்று சிரித்தாள் பன்னிரண்டு வயது ஹோய்சிங்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த படத்தைப் பார்த்து யூக்லின் அசந்துபோனாள். அடுக்குக்கட்டில், கழிப்பறையை ஒட்டியே சோற்றுப்பானை, கதவு திறந்தால் இடிக்கும் மூலை, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. வெளியே நடைவழியையும் அளந்திருந்தாள். ஒரே வீட்டை வாடகைக்காக எட்டு அறைகளாகத் தடுத்திருந்ததால் எட்டுக் கதவுகள். பின்பக்கத் தப்பிக்கும் படிக்கட்டை எட்டாம் அறையின் சுவர் அடைத்து நின்றது. தீப்பிடித்தால் யாரும் வெளியே வர முடியாது. பார்த்த மாத்திரத்தில் யூக்லினுக்கு அது புரிந்தது. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படத்தின் நேர்த்தியில் மயங்கியிருந்தாள். இரண்டு மாதம் கழித்துக் கூடத்தில் நடந்த கண்காட்சியில் அதை நடுச்சுவரில் மாட்டினாள். கீழே ஹோய்சிங் எழுதிய முகவரியும் அப்படியே இருந்தது.

யாரோ ஒருவர் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். சில நாளில் தடுப்புச் சுவர்களை இடிக்கச் சொல்லிக் கட்டடத் துறையின் நோட்டீஸ் வந்து ஒட்டப்பட்டது. வீட்டுக்காரர் எட்டுக் குடித்தனத்துக்கும் காலி செய்ய ஒரு வாரம் கெடு வைத்தார்.

தேநீர்க்கடையில் பாத்திரம் கழுவும் ஹோய்சிங்கின் அம்மா, ஈர ஏப்ரனோடு கூடத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டை ஊருக்கே காட்டினது நீங்கதானா?"

"ஹோய்சிங் அம்மா, உக்காருங்க. அந்தப் படிக்கட்டு அடைச்சிருந்தது ரொம்ப ஆபத்து. தீ கீ பிடிச்சிருந்தா..."

"ஆறு வருஷமா பிடிக்கலையே! இப்ப தெருவுல நிக்கப்போறோமே, அதுக்கு என்ன சொல்றீங்க?" மூச்சு வாங்கினாள். "ஆபத்துன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"படத்தைப் பார்த்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா? தெரிஞ்சும் ரெண்டு மாசம் எங்களை அங்கேயே தூங்கவிட்டீங்களா? படத்தை மட்டும் அழகா மாட்டிவச்சீங்க."



மறுநாளே யூக்லின் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவோடு படியேறி இறங்கி அறை தேடினாள். பிள்ளை இருக்கிறது என்றதும் பாதிப்பேர் கதவைச் சாத்தினார்கள். அரசு வீட்டுக்கான காத்திருப்பு வரிசையோ எப்போது நகரும் என்று எவருக்கும் தெரியாது. கடைசியில் நகரத்துக்கு வெகுதூரத்தில், வடக்கே எல்லைப்பக்கம், ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. ஹோய்சிங்குக்குப் பள்ளி மாறியது. தூரத்தால் அம்மாவுக்குத் தேநீர்க்கடை வேலை போனது.

கட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்றிய காலையில் ஹோய்சிங் கேட்டாள்:

"மிஸ், நான் சரியாத்தானே அளந்தேன்?"

"சரியா அளந்தே."

"அந்தப் படிக்கட்டை மட்டும் வரையாம விட்டிருக்கலாம்ல?"

யூக்லின் கட்டிலின் கடைசிச் சட்டத்தை ஏற்றிக் கயிற்றை இறுக்கினாள். வண்டி கிளம்பிவிட்டது.

அதே வீட்டின் ஆறாம் அறையில் தனியாக இருந்த கிழவர் மேம்பாலத்தடியில் படுத்தார். குளிர்காலத்தில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த வாரமே யூக்லின் வகுப்பை விட்டாள். அவள் இடத்துக்கு ஓர் இளைஞன் வந்தான். பிள்ளைகள் அட்டையில் நீச்சல்குளம் வைத்த கனவு வீடுகள் செய்தார்கள்.