என் பின்னால் வந்த ஜீப்

என் கணவர் இறந்த பிறகு, அவருடைய பழைய வேனில் திராட்சையை நானே கம்பம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போனேன். யார் ஆறுதல் சொன்னாலும் எனக்கு எதுவும் உறைக்காத நாட்கள் அவை. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டியதும் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. ஓரம் கட்டினேன்.

எதிரே ஜீப்பில் வந்த ஒருவர் நிறுத்தி இறங்கினார். "ஆஃப் பண்ணாதீங்க அக்கா" என்று சொல்லி, எஞ்சினுக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கினார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்.

"சத்தம் மாறுதான்னு கேளுங்க."

மற்ற ஒயர்களைக் கழற்றியபோது எஞ்சின் இன்னும் அதிகமாகத் தடுமாறியது. ஒன்றைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவே இல்லை.

"இதுதான் வேலை செய்யல. ஒயர் வெடிச்சிருக்கு." டேப் சுற்றிக்கொண்டே கேட்டார், "வீட்டுக்காரரு இதப் பாக்கலையாக்கா?"

"அவுக போன மாசம் இறந்துட்டாக." திராட்சை விலையைச் சொல்வதுபோல் சொன்னேன்.

அவர் டேப்பைச் சுற்றி முடித்து, ஒயரை மாட்டி, சீட்டை இறக்கினார். எஞ்சின் சீராக ஓடியது. புறப்பட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு அவர் என் பின்னாலேயே வந்தார். மார்க்கெட் வாசல்வரை வந்து, கையசைத்துவிட்டு வந்த வழியே போனார்.

அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் மார்க்கெட் வரும்வரை வழியெல்லாம் கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கணவர் போன பிறகு, யாராவது இருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்த்தது அன்றுதான்.