இணைச்சீருக்கு நான் நின்றது

என்னைத் தள்ளிவிட்டவர்களைவிட, தாங்கிப் பிடித்தவர்களால்தான் நான் அதிகம் விழுந்திருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்துச் சனங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்ததில் பாதியாவது அவர்களுக்கும் வர வேண்டாமா?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பல்லடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறிக் கூடம். ஒரு நாள் காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்த நொடி குளியலறைத் தரையில் கிடந்தேன். வழுக்கவில்லை. கண்ணை மூடியதும், தரை எங்கே இருக்கிறதென்று என் கால்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்கு முன்பே இடது பாதம் மரத்துக் கிடந்தது. தறிக்கூடத்தில் நின்ற அசதி என்று நினைத்து விட்டிருந்தேன்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நரம்பு மருத்துவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். மோட்டார் வயருக்கு மேல் உறை இருக்கிறதில்லையா, அது அங்கங்கே தேய்ந்துபோனால் கரண்டு ஒழுங்காகப் போய்ச் சேராது, உங்கள் நரம்பும் அப்படித்தான் என்று விளக்கினார். தோட்டத்துக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு மோட்டார் வயர் தெரியாதா? எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அம்மா அதை நரம்புத் தளர்ச்சி ஆக்கினாள். ஊர் அதைச் செய்வினை ஆக்கியது.

பிறகு தொடங்கியது உபசாரம். "எந்திரிக்காதீங்க அம்மணி", "நீங்க உக்காருங்க, நாங்க எடுத்தாறோம்ங்க". எங்கள் ஊரில் ஒருத்தியை மூலையில் முடக்குவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் முடக்குவார்கள். எழுந்தால் போதும், இரண்டு பக்கமும் இரண்டு கைகள் கக்கத்துக்குள் நுழையும். ஒன்று இப்படி இழுக்கும், ஒன்று அப்படி இழுக்கும். இருக்கிற கொஞ்ச நிதானமும் அதில் போய்விடும். விழுந்த பிறகு, "யானைக்கும் அடி சறுக்குமுங்க" என்று ஆறுதல் வேறு. சறுக்குகிற யானையின் கக்கத்தில் எவரும் கையைக் கொடுப்பதில்லையே!

கோயமுத்தூர் மருத்துவமனையில் எனக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிடச் சின்னவள். பிசியோதெரபி படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். முதல் நாள் நான் ஆடியதும் சுவரைப் பிடிக்கப் போனேன். அவள் என்னைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஆடுனா ஆடட்டும்ங்க்கா. ஆடிட்டு மறுபடியும் நேரா வர்றதுக்குத்தான் இந்தப் பாடு. பாதியில ஒருத்தர் புடிச்சா உடம்பு எதையும் கத்துக்காதுங்க."

அவள் சொன்னபடி வீட்டில் செய்தேன். சமையலறையில் இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், முன்னால் ஒரு கனமான நாற்காலி. பாதங்களைச் சேர்த்து நிற்பது. ஒரு குதிகாலைத் தொட்டபடி அடுத்த காலின் விரல்களை வைத்து நிற்பது. நின்றபடியே தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் திருப்புவது. அது பழகியதும் மெத்தென்ற ஒன்றின் மேல் ஏறி நிற்பது, கடைசியில் கண்ணை மூடிக்கொள்வது. மெத்தென்ற அந்த ஒன்றுக்காக என் வீட்டுக்காரர் தறியிலிருந்து காடாத் துணியை மடித்துக்கொண்டு வந்து, "இது போதுமா பாரு" என்று போட்டுவிட்டுப் போனார். நோய் வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். போட்டார், போனார்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வேன். உடம்பு சூடானால் என் கால்கள் களியாகிவிடும். நோய் குணமாகவில்லை, அது குணமாகும் என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. ஆனால் விழுவது குறைந்தது. சோப்புப் போட்டு முகம் கழுவினேன்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான், அக்கா நான் ஒருத்திதான். எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கான சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில் இருக்கும், மறு தலைப்பு அவள் கையில். எங்கள் வகையறாவில் அவள் இடுப்பில் ஒரு கூடையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். சீர் முடியும்வரை நின்றுதான் ஆக வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லையென்றால்தான் பங்காளி வீட்டுப் பெண்ணைத் தேடுவார்கள்.

நான் உயிரோடு இருக்கும்போதே தேடினார்கள். நான் பிறந்த வீடு இருக்கிற சத்தியமங்கலத்திலிருந்து அம்மா வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"சித்தப்பன் மகளை நிக்கச் சொல்லிப்போட்டேன் கண்ணு. உனக்கெதுக்குச் செரமம்?"

கூட வந்திருந்த தம்பி முகத்தைத் தூக்கவில்லை. "நீ முன்னால சேர் போட்டு உக்காந்துக்கோக்கா" என்றான்.

எனக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றிக்கொண்டு வந்தது. மரத்துப்போன பாதத்தில்கூடக் கோபம் ஏறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கருமாதிக்குச் சொல்லிவிடுவதுபோல வந்து சொல்கிறார்கள்! காய்கறிக் கூடையைக் காலி செய்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மூலையில் போய், குதிகாலுக்கு விரலை ஒட்டி நின்றேன். ஆடினேன். அம்மா பதறி எழுந்தாள்.

"கிட்ட வராதே!" என்று கத்தினேன். மீண்டும் நேரானேன். நின்றேன். தம்பி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்காளே நிக்கட்டும்மா" என்றான். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சம்மதித்த அழுகை என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் வைகாசியில். மண்டபமே வெந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு வீடியோக்காரர் ஒரு பெரிய விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். தள்ளிப் பிடிங்க என்றேன். "மூஞ்சி தெளிவா உழுகோணுமுங்களே" என்றார். மூஞ்சி விழாவிட்டால் பரவாயில்லை, நான் விழக்கூடாது என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே நகர்ந்தார். சீர் நடத்துகிற அருமைக்காரர் பெரியவர் தொடங்கினார். கூடை இடுப்பில் உட்கார்ந்தது. சேலைத் தலைப்பு கையில் வந்தது.

கால்கள் சூடேறுவது தெரிந்தது. பாதங்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, எதிர்த் தூணில் ஒட்டியிருந்த மாவிலையில் பார்வையை நிறுத்தினேன். ஆடினேன், திரும்பி வந்தேன். மறுபடி ஆடினேன், மறுபடி வந்தேன். மறு தலைப்பைப் பிடித்திருந்த தம்பி அதை இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. சபையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கொட்டுங்கள் என்று மனதுக்குள் திட்டினேன். பெரியவர் சீரை முடித்து, போதும் அம்மணி என்றார். முடிந்தது. நின்றுவிட்டேன். அந்தச் சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

கூடையை இறக்கிக் கொடுக்கத் திரும்பினேன். லேசாக ஆடினேன், திரும்பி வந்துவிடக்கூடிய ஆட்டம்தான். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் கையை மேலே இழுத்தன. கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மீசையும் இல்லை. தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அம்மா.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே" என்று நாலா பக்கமும் கேட்டது. இழுத்துத் தள்ளியதை ஒருவரும் பார்க்கவில்லை. விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

கல்யாணக் கேசட் வந்ததும் சத்தியமங்கலத்துக்குப் போனேன். நான் நின்றேன் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. பெண் அழைப்பு வந்தது, சாப்பாட்டுப் பந்தி வந்தது, பந்தியில் அப்பளம் நொறுக்குகிற யாரோ ஒரு பெரியவர்கூடத் தெளிவாக வந்தார். இணைச்சீர் வரவில்லை. நேராகத் தாலி கட்டினார்கள்.

"எங்கேம்மா?"

"நீ உழுந்தத ஊரே போட்டுப் பாக்கோணுமா சாமி? அதான் வெட்டிப்போடச் சொன்னேன்."

"உழுந்தத வெட்டு. நின்னத எதுக்கு வெட்டுன? அவ்வளவு நேரம் நின்னனே, அதைப் பாத்தீல்ல?"

டி.வி.யில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நா எங்க பாத்தேன்? பயத்துல கண்ண மூடிட்டில்ல இருந்தேன். முடிஞ்சுதுன்னாங்க, தொறந்தேன். நீ ஆடிட்டிருந்தே. புடிச்சேன்."

அழ வேண்டிய இடம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பெற்றவளே பார்க்கவில்லையென்றால், அந்த மண்டபத்தில் நான் யாருக்கு நின்றேன்? அடுப்படிக்குப் போய் வெங்காயக் கூடையைத் தரையில் கவிழ்த்துவிட்டுக் கொண்டுவந்தேன். அம்மாவின் எதிரே, சுவரோரம், இடுப்பில் கூடையோடு, குதிகாலுக்கு விரல் ஒட்டி நின்றேன்.

"இப்பப் பாரு. கண்ண மூடுனே, கெட்ட கோவம் வரும்."

பார்த்தாள். நான் ஆடினேன். அவள் கை தானாக மேலே எழுந்தது.

"தொடாத."

கை அந்தரத்திலேயே நின்றது. கண் மட்டும் மூடவில்லை. நான் திரும்பி நேராக வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.